குஞ்சின் கழுத்தடியில் வீக்கம், வாயைத் திறந்து மூச்சு: எல்லாமே இரைப்பைக் கட்டுதானா?

கேள்வி: லத்தேரி வீட்டுக்கோழி

வணக்கம். லத்தேரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் சிறுவிடைக் கோழி வளர்த்து வருகிறேன். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து, இந்த முறை நான்கு கோழிகளை ஒரே நாளில் அடை வைத்து, பொரித்த 38 குஞ்சுகளையும் தாயிடமிருந்து பிரித்து, பழைய மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் தகரத்தால் வளையம் கட்டி, 60 வாட் குண்டு பல்பின் கீழ் வைத்திருக்கிறேன். இன்று அவற்றுக்கு 12 நாள் வயது. ஏழாம் நாள் இராணிக்கெட் (கோழிக்கழிச்சல்) நோய்த் தடுப்புக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. முதல் வாரம் கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனம் மட்டுமே கொடுத்தேன். அதன்பின் மாமியார் சொன்னபடி நொய்யும் கேழ்வரகும், காம்போடு நறுக்கிய முருங்கைக் கீரையும் சேர்த்துக் கொடுக்கிறோம். தரையில் பரப்பியிருப்பது மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலை ஓடு). ஐப்பசி மழையில் அந்த மூட்டைகள் நனைந்துவிட்டதால் ஒரு நாள் வெயிலில் கொட்டிவைத்து, பிறகுதான் பரப்பினேன்.

மூன்று நாட்களாக நான்கு குஞ்சுகள் சரியில்லை. ஒன்றுக்குக் கழுத்தடியில், மார்பின் வலப்பக்கமாக, கோலிக்குண்டு போலக் கெட்டியான ஒரு கட்டி இருக்கிறது. காலையில் பார்த்தாலும் அது குறைவதில்லை, குஞ்சு தீனியருகே வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறது. இன்னொன்றை நேற்று முன்தினம் பூனை கவ்விவிட்டது. துரத்தியதும் போட்டுவிட்டு ஓடிவிட்டது. ஆனால் மாலைக்குள் அதன் கழுத்தின் ஒரு பக்கமும் தோளும் பலூன் போல உப்பிவிட்டன. ஆச்சரியம் என்னவென்றால், அது நன்றாகத் தின்கிறது, ஓடுகிறது. மற்ற இரண்டும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன. சத்தம் எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லாமே இரைப்பைக் கட்டு என்கிறார். விளக்கெண்ணெய் ஊற்றி, தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கினால் சரியாகிவிடும் என்பது அவர் யோசனை. மருந்துக் கடையில் கேட்டதற்கு, எல்லாக் குஞ்சுக்கும் தண்ணீரில் கலந்து கொடுக்கும்படி ஆன்டிபயாடிக் பொடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் இன்னும் செய்யவில்லை. செய்யலாமா?


மறுமொழி 1: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஆரணி

அம்மா, இன்னும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம். எண்ணெயையும் பொடியையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான்கு குஞ்சுகளுக்கும் ஒரே நோய் இல்லை. மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றைக் கொன்றுவிடும்.

நாம் பேச்சில் இரைப்பை என்று சொல்வது தீனிப்பையை. தின்றது அரைவைப்பைக்குப் போகும் முன் சற்று நேரம் தங்கி ஊறும் இடம் அது. கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், சற்று வலப்பக்கமாக இருக்கும். பகலில் அது நிறைந்திருப்பது இயல்பு. ஆகவே தீனிப்பையைச் சோதிக்கச் சரியான நேரம் விடியற்காலை, தீனி வைப்பதற்கு முன்பு. இரவு முழுவதும் தின்னாத குஞ்சின் பை அப்போது வற்றி, தோல் தளர்ந்திருக்க வேண்டும். இரவெல்லாம் பல்பு எரியும் கொட்டகையில் சில குஞ்சுகள் நடுநிசியிலும் கொத்திக்கொண்டிருக்கும் என்பதால், சந்தேகப்படும் குஞ்சை மாலையிலேயே தனி அட்டைப்பெட்டியில் தண்ணீரோடு, கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். பலர் மாலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டி என்று பதறிப்போய் வைத்தியம் தொடங்கிவிடுகிறார்கள்.

குஞ்சை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் நிற்க வைத்து, விரல்களைக் கூண்டு போல வளைத்து, நெஞ்சை அழுத்தாமல் பிடியுங்கள். கோழிக்கு நமக்கிருப்பது போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுகப் பிடித்த கையிலேயே நல்ல குஞ்சுகூட மூச்சு முட்டிச் செத்துவிடும். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பையை மெல்ல உருட்டிப் பார்த்தால், விரலே பாதி பதிலைச் சொல்லிவிடும். கூழ் போல மெத்தென்றிருந்தால் குறையில்லை. பிசைந்து காய்ந்த மாவுருண்டை போல இறுகியிருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து, அலகருகே முகர்ந்தால் மூன்று நாள் புளித்த தோசை மாவின் வாடை அடித்தால், உள்ளே நொதித்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் முதல் குஞ்சுக்கு அடைப்புதான். கீரைக்காம்பின் நாரும் மல்லாட்டைத் தோலின் துண்டும் சேர்ந்து திரியாகச் சுருண்டிருக்கும்; அதன்மேல் உலர்ந்த நொய் போய் அடைத்திருக்கும். அதற்கு இன்று அரை நாள் மட்டும் கெட்டித் தீனியை நிறுத்துங்கள். 12 நாள் குஞ்சு அதற்கு மேல் பட்டினி தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலகு நுனியை நனைத்து, அதுவாகவே குடிக்க விடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு, ஒவ்வொன்றாக, அலகின் ஓரத்தில் வைத்தால் அது நக்கி விழுங்கும். கால் மணி நேரம் கழித்து, தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பையின் இரு பக்கத்திலிருந்தும் பொடி உதிர்ப்பது போல மெல்லத் தடவிவிடுங்கள். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் போதும். நாளைக்கு நான்கு முறை செய்யலாம். இளகத் தொடங்கியதும் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு நாள் முழுதும் செய்தும் இளகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், ஏனென்றால் பை நிறைந்திருப்பதற்குக் காரணம் பையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கீழே அரைவைப்பையில் நார் அடைத்துக்கொண்டாலும் மேலே வெளியேற வழியில்லாமல் நிறைந்தே நிற்கும்.

முழுத் தானியமும் கீரையும் கொடுக்கத் தொடங்கினால், அரைப்பதற்குப் பொடிக்கல் வேண்டும். பாலாற்று மணலைச் சலித்து, மேலே நிற்கும் குருமணலில் ஒரு கைப்பிடியைக் கழுவித் தனித் தட்டில் வைத்தால் வேண்டிய மட்டும் பொறுக்கிக்கொள்ளும். குஞ்சுத் தீவனம் மட்டும் தின்னும்வரை அது தேவையில்லை.

மற்ற மூன்று குஞ்சுகளையும் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்லக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


மறுமொழி 2: குடியாத்தம் பண்ணை

ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கி வெளியேற்றுவதை என் தந்தை காலத்திலிருந்து செய்து வருகிறோம். பெட்டைக் கோழிகள் பல பிழைத்திருக்கின்றன. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பொடி விஷயத்தில் ஐயா பக்கம்தான் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், லேசான தும்மலுக்குப் பயந்து 200 குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தேன். தும்மல் நின்றது. அடுத்த வாரமே குஞ்சுகள் இறகு சிலிர்த்து, தலை தொங்கி, தீனிப்பை தளதளத்து நின்றன. இறந்த ஒன்றின் பையைக் கத்தரியால் பிளந்து கழுவிப் பார்த்தபோது, வழவழப்பாக இருக்க வேண்டிய உட்புறம் குளியல் துண்டின் முகம் போல வெள்ளையாகப் பூத்திருந்தது. கேண்டிடா என்னும் பூஞ்சை என்றார் மருத்துவர். நல்ல கிருமிகளை மருந்து கொன்றுவிட்டதால் அது காலி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றார். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 2 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்ற கணக்கில் தராசில் நிறுத்துக் கலந்து, பிளாஸ்டிக் குடிகலனில் வைக்கச் சொன்னார். கண்மதிப்பில் போடக் கூடாது, தகரப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது, அளவு மிஞ்சினால் அதுவே விஷம் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். குடிகலன்களைத் தினமும் தேய்த்துக் கழுவும் பழக்கம் அன்றைக்கு வந்தது.


மறுமொழி 3: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஆரணி

தம்பி, நீங்கள் சொல்வது ஒன்றரைக் கிலோ பெட்டையைப் பற்றி. இங்கே இருப்பது நூறு கிராமைக்கூட எட்டாத குஞ்சு. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் வேருக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கினால் பையிலிருந்து வருவதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். பெரிய கோழி உதறி, இருமித் தப்பித்துக்கொள்ளலாம். குஞ்சுக்கு இரண்டு சொட்டு உள்ளே போனாலே போதும். பிழைத்த பெட்டைகள் நம் நினைவில் நிற்கின்றன, அதே கையில் போனவற்றை நாம் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நானும் பணியில் சேர்ந்த புதிதில் அப்படி எழுதியவன்தான்.


மறுமொழி 4: கால்நடை மருத்துவர், வேலூர்

மற்ற மூன்று குஞ்சுகளைப் பற்றி எழுதுகிறேன்.

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. கொல்லன் உலையில் துருத்தி காற்றை ஊதுவது போல, உடலுக்குள் கழுத்தடியிலிருந்து அடிவயிறு வரை பரவியிருக்கும் மெல்லிய காற்றுப் பைகள்தாம் நுரையீரலின் வழியே காற்றைச் செலுத்துகின்றன. வெங்காயச் சருகை விட மெல்லிய சவ்வு அது. பூனையின் பல்லோ நகமோ அதைக் கிழித்துவிட்டால், ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று கசிந்து தோலுக்கு அடியில் போய்ச் சேரும். உங்கள் இரண்டாவது குஞ்சுக்கு நேர்ந்திருப்பது இதுதான்.

தீனிப்பை வீக்கத்தையும் இதையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இருட்டான இடத்தில் கைபேசியின் டார்ச்சை வீக்கத்தின் ஒரு பக்கம் ஒட்டி வையுங்கள். காற்றாக இருந்தால் விளக்குக்கூண்டு போல முழுவதும் ஒளிரும், தோலின் இரத்த நாளங்கள் கோடுகளாகத் தெரியும். தீனியாக இருந்தால் இருண்டே நிற்கும். விரலால் அழுத்தினால் காற்று வீக்கம் பக்கவாட்டில் நகரும், சில சமயம் தோலுக்கடியில் நொறுநொறுவென்று உணர்வு தட்டும். இடமும் ஒரு சாட்சி: தீனிப்பை கழுத்தடியின் முன்பக்கத்தை விட்டு நகராது, காற்றோ முதுகு, இறக்கையின் அடி, தொடை என்று எங்கும் பரவும்.

வீக்கம் சிறிதாக இருந்து குஞ்சு நடமாடினால் தொடவே வேண்டாம். சில நாட்களில் கிழிசல் கூடி, காற்று தானாக வற்றிவிடும். கழுத்தைத் திருப்ப முடியாதபடியோ மூச்சுக்கு இடைஞ்சலாகவோ உப்பினால்தான் காற்றை இறக்க வேண்டும். இறகில்லாத, இரத்த நாளம் தெரியாத இடத்தைத் துடைத்து, தோலை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்து, புதிய ஊசியால் தோலை மட்டும் துளைத்து மெல்ல அமுக்குவோம். மறுநாளே திரும்ப உப்புவது வழக்கம். அதைக் கண்டு வைத்தியம் பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். ஊசியைக் கழுத்துப் பக்கம் செலுத்துவது பழகாத கைக்கு ஆபத்து என்பதால் மருத்துவமனைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். கொண்டு வர இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் வாய்க் கிருமி கோழிக்கு மிகக் கொடியது. வெளியே புள்ளியாகத் தெரியும் பல் தடத்தின் வழியாக உள்ளே இறங்கி ஓரிரு நாளில் இரத்தத்தையே கெடுத்துவிடும். ஆகவே உங்கள் 38 குஞ்சுகளில் இன்றைக்கு ஆன்டிபயாடிக் உறுதியாகத் தேவைப்படும் ஒரே குஞ்சு, நன்றாகத் தின்று ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் குஞ்சுதான். அதுவும் அதன் எடைக்கேற்ற அளவில், வாய்வழியாக. தண்ணீரில் பொதுவாகக் கலந்தால் எது எவ்வளவு குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் இரண்டும்தான் எனக்குக் கவலை தருகின்றன. சத்தம் இல்லை என்று நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் உதவுகிறது. மூச்சுக்குழல் அழற்சியிலும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வரும் சளி நோயிலும் இராணிக்கெட்டிலும் பெரும்பாலும் கரகரப்போ தும்மலோ கேட்கும். இராணிக்கெட்டில் பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் சேரலாம். சொட்டு மருந்துக்குப் பின் சில நாள் லேசாகத் தும்முவது இயல்பே. சத்தமே இல்லாமல், கழுத்தை நீட்டி, மீன் போல வாயைத் திறந்து மூடுகிற மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சு, அதன் கீழே ஒரு முறை நனைந்த மல்லாட்டைத் தோல் என்றால், என் மனம் முதலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் பக்கமே போகும். பூஞ்சையின் வித்துகள் தூசியோடு உள்ளே போய், நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் கேழ்வரகு மணி அளவில் மஞ்சள் முடிச்சுகளாக வளர்கின்றன. வெயிலில் ஒரு நாள் உலர்த்தினால் ஈரம் போகும், வித்து போகாது.

நேர்மையாகச் சொன்னால், இந்தப் பூஞ்சை பிடித்த குஞ்சுக்குப் பயன் தரும் மருந்து நடைமுறையில் இல்லை. பொதுவாகவே காற்றுப் பைகளில் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதனால் கிருமியால் வரும் காற்றுப் பை அழற்சிக்குக்கூட மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. பிழைக்க வைக்க வேண்டியது மற்ற குஞ்சுகளை. இன்றே குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மல்லாட்டைத் தோலின் மேல் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கிய பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அள்ளுங்கள்; அந்த வித்துகள் மனிதருக்கும் நல்லதல்ல. அதே நனைந்த மூட்டையிலிருந்து கொட்டையோ பிண்ணாக்கோ தீனியில் சேர்க்கவே கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்ததே அதன் மூலம்தான்.

ஒரு குஞ்சு இறந்தால் புதைக்காமல், உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி, பனிக்கட்டியோடு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். அறுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் ஊகம் உறுதியாகிவிடும். கொண்டு வர முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கேட்கலாம். ஒரே நாளில் பல குஞ்சுகள் மடிந்தால் எதையும் அறுக்காமல் முதலில் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

தொடர்பில்லாத ஒரு செய்தி: இராணிக்கெட் நோய்க்குப் பெயர் நம் இராணிப்பேட்டையால் வந்தது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது இமயமலையில் உள்ள ஊரான இராணிக்கெட். அந்த நோய்க்கான தடுப்பு மருந்து தயாராவதுதான், 1932-இல் சீரம் நிலையமாகத் தொடங்கிய நம் இராணிப்பேட்டை நிலையத்தில்.


மறுமொழி 5: சத்துவாச்சாரி மாடித்தோட்டம்

வாய் திறந்திருப்பதெல்லாம் நோய் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன சித்திரையில் என் குஞ்சுகள் எல்லாமே மத்தியானத்தில் வாயைத் திறந்தன. வேலூர் வெயிலில், தகரக் கூரையின் கீழ், பல்பையும் அணைக்காமல் வைத்திருந்தேன். வெப்பம் என்றால் எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் மூச்சு இளைக்கும், இறக்கையை அகட்டிக்கொண்டு பல்பை விட்டு வளையத்தின் ஓரத்துக்குப் போய்விடும், மாலையில் சரியாகிவிடும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்று அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதோடு கொட்டகையில் குந்தி, முகத்தைக் குஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நின்றால் தெரியாத எச்ச நெடி அங்கே கண்ணை எரிக்கும். அந்த நெடியே மூச்சுக்குழலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடும்.


கேள்வி கேட்டவர், ஆறு நாட்களுக்குப் பின்: லத்தேரி வீட்டுக்கோழி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

கெட்டிக் கட்டி இருந்த குஞ்சுக்கு முதல் நாள் எதுவும் மாறவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பலாம் என்று மறுநாள் காலையில் கையில் எடுத்தபோது, கோலிக்குண்டு பிசைந்த மாவு போல இளகியிருந்தது. மாலையில் எச்சத்தோடு பச்சை நார் வந்தது. இப்போது ஊறவைத்த தீவனம் தின்கிறது.

பலூன் குஞ்சை டார்ச் வைத்துப் பார்த்தேன். மருத்துவர் எழுதியது போலவே சிவந்த விளக்காக ஒளிர்ந்தது, மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். மருத்துவமனையில் ஊசியால் காற்றை இறக்கினார்கள்; மறுநாள் உப்பியது, திரும்ப இறக்கினார்கள், அதன்பின் உப்பவில்லை. ஐந்து நாள் மருந்து நேற்றோடு முடிந்தது. ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறது.

மூச்சு வாங்கிய இரண்டும் இறந்துவிட்டன. மூன்றாவதாக ஒன்று தொடங்கி, அதுவும் போய்விட்டது. முதலில் இறந்ததை அறுத்துக் காட்டினார்கள். நுரையீரலில் மஞ்சள் மணிகள் அப்படியே இருந்தன. மல்லாட்டைத் தோலை அள்ளியபோது மேலே உலர்ந்திருந்தாலும், தகர வளையத்தின் ஓரத்தில், அடியில், விரற்கடை அளவுக்குச் சாம்பல் பூத்த ஒரு படலம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. இப்போது நன்கு காய்ந்த நெல் உமி போட்டிருக்கிறேன். நான்கு நாட்களாகப் புதிதாக எதற்கும் மூச்சுத் திணறல் இல்லை. 35 குஞ்சுகள் இருக்கின்றன. பொடியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்கள். கீரையைக் காம்பு ஆய்ந்துதான் இப்போது மாமியார் நறுக்குகிறார்.


மறுமொழி 6: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஆரணி

நல்லது அம்மா. அள்ளிய மல்லாட்டைத் தோலை எங்கே கொட்டினீர்கள் என்று எழுதவில்லை. எருக்குழியில் மேலாகக் கொட்டியிருந்தால் தாய்க் கோழிகள் இன்றைக்கே போய்க் கிளறும்; ஒரு முழம் மண் போட்டு மூடிவிடுங்கள்.